மீனெண்ணெய்ப் பெட்டிசம்

ஸ்ரனிஸ்லாஸ் பீப்பாய் வேலைக்காரன். துறைமுகத்துக்குப் பக்கத்திலுள்ள தேங்காயெண்ணெய்க் கிட்டங்கிகளில் ஒழுகுகிற பீப்பாய்களைக் கழற்றி, பலகை மாற்றி, இரும்பு வளையத்தை அடித்து இறுக்கிக் கொடுப்பான். கொட்டாஞ்சேனையில் ஒரு முடுக்குக்குள் வாடகை வீடு. ஒரே மகள் டோரினை நீர்கொழும்பில் கட்டிக் கொடுத்தாயிற்று. வீட்டில் இருந்தது அவனும் பெண்சாதி நேசமும்தான்.

பின்வளவில் ஒரு தகரக் கொட்டில். அதற்குள் ஒரேயொரு அடுப்பு. விடியப்புறத்தில் அது நேசத்துடையது. அவள் சுடுகிற அப்பத்தை வாங்கத்தான் அந்த முடுக்கு முழுக்க வாசலில் நிற்கும். சண்டைக்காலம். கூப்பனுக்குக் கிடைக்கிற அரிசியோடு கோதுமை மாவைக் கலந்துதான் சுட்டாள். அப்படியிருந்தும் அப்பத்தின் ஓரம் மொறுமொறுவென்று நிற்கும். ஜப்பான்காரன் குண்டு போட்டபிறகு கப்பல் குறைந்து பீப்பாய் வேலையும் படுத்துவிட்டது. உண்மையைச் சொன்னால் அந்தக் குடும்பத்தை இழுத்தது அப்பச்சட்டிதான்.

அப்பம் முடிந்தபிறகு அடுப்பு ஸ்ரனிஸ்லாஸின் கைக்கு வரும். வந்து என்ன செய்தான்? சுறா ஈரல் காய்ச்சினான்.

முகத்துவாரத்துக் கரையில் சுறாவை வெட்டுகிறவர்கள் ஈரலை மணலில் எறிந்துவிடுவார்கள். காகம்கூட அவசரமில்லாமல்தான் வரும். மீனெண்ணெய் சீமையிலிருந்து வராமல் ஆஸ்பத்திரிகளே கையை விரித்திருந்த நேரம். மாளிகாவத்தையில் மருந்துக்கடை வைத்திருந்த தாஸிம், "மீனெண்ணெய் கேட்டு வாற ஆக்களுக்கு இல்லண்டு செல்லிச் செல்லியே வாய் நோவுது" என்று ஒருநாள் அலுத்துக்கொண்டார். ஸ்ரனிஸ்லாஸுக்கு அது மண்டைக்குள் ஏறிவிட்டது. எண்ணெயோடேயே காலம் கழித்தவன். ஈரலில் எண்ணெய் இருக்கிறதென்று அவனுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

முதல் காய்ச்சியது கருகித் தார் மாதிரி வந்தது. பிறகு பெரிய பானையில் தண்ணீர் கொதிக்கவைத்து, அதற்குள் சின்னப் பானையை இறக்கிக் காய்ச்சினான். எண்ணெய் பழுப்பு நீங்கி மஞ்சளாய்த் தெளிந்தது. ஆனால் நல்ல எண்ணெய் ஒரு நாள், நாற்றமெடுத்த எண்ணெய் மறுநாள். ஈரல் பழுதாவதாலோ, சூடு கூடுவதாலோ, அவனுக்குப் பிடிபடவில்லை. பிடிபடாதது நித்திரையைக் கெடுத்தது.

வாடையோ, கொட்டிலை விட்டுப் போகமாட்டேன் என்றது. முன்வீட்டு ஸைனம்பு ஒருநாள் அப்பத்தைப் பிய்த்து மணந்து பார்த்துவிட்டு, "நேசம், ஒங்கட அப்பத்துக்கு இனி ஆணம் காச்சத் தேவயில்ல. மீன் உள்ளுக்கே ஈக்கிது" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நேசமும் சிரித்தாள். ஆனால் உள்ளே வந்து புருஷனுக்கு முன்னால் நின்றாள்.

"இஞ்சாருங்கோ. உங்கட சட்டியோ என்ர சட்டியோ எண்டு முடிவெடுங்கோ."

"கொஞ்சம் பொறுமப்பா. இது சரிவந்தா நீர் அப்பம் சுடவே தேவையில்லை."

"சரிவராட்டி? உயிர்த்த ஞாயிறு மட்டும் பொறுப்பன். அதுக்குள்ளை வேறை இடம் பாருங்கோ. இல்லாட்டி பானையைக் கடலுக்குள்ளை எறிவன்."

எறியக்கூடியவள்தான்.

அந்தத் தவக்காலத்தில்தான் தாஸிம் பேப்பரோடு ஓடிவந்தார். உள்ளூர்ப் பொருட்களிலிருந்து மருந்துச் சாமான் செய்ய ஆராய்ச்சி பண்ணுகிறவர்களுக்கு ஓர் அரசாங்க இலாகா உதவி கொடுக்கப்போகிறதாம். எதை ஆராயப் போகிறீர், எப்படி ஆராய்வீர், என்ன சாமான் தேவை என்று இங்கிலிஷில் எழுதி, மாதிரிப் போத்தலும் சேர்த்துக் கொடுக்கவேண்டும்.

"இது ஒனக்காகவே போட்ட மாதிரி ஈக்கிது ஸ்ரனி" என்றார் தாஸிம். "கெடச்சா தனி இடம், ஆவிச்சட்டி, எல்லாம் அவனுகள் தருவானுகள். வுட்டுறாதே."

ஸ்ரனிஸ்லாஸ் மூன்றாம் வகுப்போடு நின்றவன். இங்கிலிஷில் தன் பேரை எழுதுவான், அவ்வளவுதான். கொட்டாஞ்சேனையில் அரசாங்கத்துக்கு எது எழுதுவதென்றாலும் ஒரே வழிதான் இருந்தது. புதுக்கடைக் கோர்ட்டுக்கு எதிரில் மேசை போட்டிருந்த சவுந்தரநாயகத்திடம் போவது. பென்சன், விதவைச் சம்பளம், மறியலில் கிடக்கிறவனுக்கு மன்னிப்பு என்று எல்லாம் அவர் கையால்தான் போகும். அவர் எழுதிய விண்ணப்பத்தை, சனம் சொல்கிற பெட்டிசத்தை, வாசித்து வெள்ளைக்காரத் துரையே கண்ணைத் துடைத்தாரென்று ஒரு கதை. அதை அவரேதான் பரப்பினார் என்றும் இன்னொரு கதை.

ஸ்ரனிஸ்லாஸ் ஈரல், பானை, சூடு, நாற்றம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னான். சவுந்தரநாயகம் வெற்றிலையை மென்றபடி கேட்டார்.

"சரி, எழுதுவம். பிள்ளையள் எத்தினை?"

"ஒண்டு. கட்டிக் குடுத்தாச்சு."

"பிழையாய்ப் போச்சே. தாய் தேப்பன்?"

"இல்லை."

"உமக்கு ஏதும் நோய், வருத்தம்?"

"கடவுளே எண்டு ஒண்டுமில்லை."

சவுந்தரநாயகம் பேனையைக் கீழே வைத்துவிட்டார். "வீட்டிலை பிள்ளையும் இல்லை, வருத்தமும் இல்லை. அப்ப கவர்மென்ட் உமக்கு எதுக்குக் குடுக்கவேணும்? உம்மட மூஞ்சைக்கோ?"

"எண்ணெய்க்கு, ஐயா."

"எண்ணெயை ஆர் வாசிக்கிறது? அங்கை மேசையிலை நூறு கடுதாசி கிடக்கும். ஒண்டிலையாவது ஒரு சொட்டுக் கண்ணீர் இருந்தாத்தான் கை அதிலை நிக்கும். மனிசி இருக்கிறாவெல்லே?"

"இருக்கிறா."

"அவவுக்குக் கசம் எண்டு போடுவம்."

ஸ்ரனிஸ்லாஸ் சுற்றுமுற்றும் பார்த்தான். கசம் என்றால் சயரோகம். அந்த நோயின் பேரைச் சொன்னாலே முடுக்கில் கதவு சாத்துகிற காலம். "அவ நல்ல சுகமாயெல்லே இருக்கிறா, ஐயா."

"நான் எழுதின பெட்டிசத்திலை எத்தினை பேர் கசத்தாலை செத்தவை தெரியுமோ? எல்லாரும் கல்லுமாதிரி உலாவுகினம். இது எழுத்து வழக்கம், தம்பி. அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

எழுதி முடித்ததும் தமிழில் சொல்லிக் காட்டினார். சயரோகத்தில் படுத்த படுக்கையான மனைவியை வைத்துக்கொண்டு, அவள் இருமலுக்கு நடுவே, அதே குடிசையில், ஏழைக் கிறிஸ்தவன் ஒருவன் தேசத்துப் பிள்ளைகளுக்காக இராப்பகலாய் எண்ணெய் காய்ச்சுகிறான். கடைசிப் பக்கத்தில் ஈரலும் பானையும் சூடும் அவன் சொன்னபடி இருந்தன. ஸ்ரனிஸ்லாஸ் கேட்டுக்கொண்டு நின்றான். கேட்கக் கேட்க அவனுக்கே அந்த ஏழைக் கிறிஸ்தவனில் இரக்கம் வந்தது. வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தான். சொல்லவில்லை. கையெழுத்தைப் போட்டான்.

நேசத்திடம் எழுத்துப் போய்விட்டதென்று மட்டும் சொன்னான். அவள் சந்தோஷப்பட்டாள். அந்தோனியார் கோயிலில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தாள்.

குருத்து ஞாயிறு கழிந்து இலாகாவிலிருந்து கூப்பிட்டார்கள். கோட்டைப் பக்கம் அவர்களுடைய கந்தோர். உள்ளே ஒரு தமிழ் டொக்டர். மேசையில் அவனுடைய போத்தல். டொக்டர் நல்ல மனுஷன். நாற்காலியில் இருக்கச் சொன்னார். ஸ்ரனிஸ்லாஸ் இருக்கவில்லை.

"உம்மட எண்ணெயைச் சோதிச்சுப் பாத்தது. மோசமில்லை. மெய்யாய்ச் சொன்னா, வந்ததுகளுக்குள்ளை நல்லது."

ஸ்ரனிஸ்லாஸ் மேசையிலிருந்த தன் போத்தலைப் பார்த்தான்.

"ஆனா ஒரு கரைச்சல் இருக்கு. உம்மட வைஃபுக்கு எவ்வளவு காலமாய் இருமல்?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாசல் திறந்துதான் கிடந்தது. ஆனால் முதல் தரமாக ஒரு படித்த மனுஷன் அவனுடைய எண்ணெயை நல்லதென்று சொல்லி நிமிஷம்கூட ஆகவில்லை. சவுந்தரநாயகத்தின் கண்ணீர் வேலை செய்கிறதென்று நினைத்தான்.

"ஒரு வருஷமாய், ஐயா."

"சத்தி, வாந்தி? இரத்தம்?"

"இடைக்கிடை, ஐயா."

டொக்டர் பேனையை மூடினார். "பாவம். ஆனா கசம் இருக்கிற வீட்டிலை காய்ச்சின எண்ணெயை நான் பிள்ளையளின்ர வாயிலை விடச் சொல்லேலாது. அவ ஆஸ்பத்திரிக்குப் போகவேணும், வீடு துப்பரவாகவேணும். அதுக்குப் பிறகு வாரும், பாப்பம். சுகாதார ஆக்களுக்கு நேற்றே அறிவிச்சாச்சு."

"நேற்றோ?"

"ஓம். இண்டைக்குப் போயிருப்பினம்."

அவன் ஓடினான். முடுக்கு வாசலிலேயே சுண்ணாம்பு மணத்தது. காக்கிச் சட்டைக்காரர் இரண்டு பேர் சுவருக்கு மருந்துத் தண்ணீர் அடித்துக்கொண்டு நின்றார்கள். மறுநாளைக்கென்று நேசம் கரைத்துவைத்திருந்த மாவைச் சாக்கடைக் கானுக்குள் ஊற்றிவிட்டார்கள். வெள்ளையாய் ஓடிக்கொண்டிருந்தது. முடுக்குச் சனம் முழுக்கத் தள்ளி நின்றது. ஸைனம்பு முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். நேசம் கொட்டில் வாசலில் தனியே நின்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாயிருந்திருக்கும்.

ஆட்கள் போனபிறகு கேட்டாள். "எனக்குக் கசமெண்டு ஆர் சொன்னது?"

"பெட்டிசக்காரன் எழுதினவன்."

"நீங்கள் கேட்டுக்கொண்டு நிண்டனீங்களோ, இல்லாட்டித் தெரியாமக் கையெழுத்துப் போட்டனீங்களோ?"

அவன் வெறும் மாப்பானையை எடுத்து நிமிர்த்தி வைத்தான்.

"கேட்டுக்கொண்டு நிண்டனீங்கள்." அவளே சொல்லிக்கொண்டாள். "இண்டைக்கு டொக்டர் கேக்கேக்கை?"

"ஓமெண்டு சொல்லிப்போட்டன்."

"அப்ப நாளைக்குப் போய் இல்லையெண்டு சொல்லுங்கோ."

மறுநாள் பெரிய வியாழன். கந்தோர் திறக்கமுன்பே போய் நின்றான். டொக்டரைக் கண்டதும் கதவு நிலையைப் பிடித்தபடி சொல்லிவிட்டான். பெண்சாதிக்கு ஒரு வருத்தமும் இல்லை, இருமலும் இல்லை, எல்லாம் பொய்.

டொக்டர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் தாங்கியிருப்பான். போத்தலைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இந்த எண்ணெய் நீர் காய்ச்சினதோ?"

"நான்தான், ஐயா. ஆணையாய்."

"சுறா ஈரலோ? வேறை ஒண்டும் கலக்கேல்லையோ?"

"இல்லை, ஐயா. மாதா அறிய இல்லை."

"கடைசிப் பக்கத்திலை எழுதியிருக்கிற சூடு, நேரம், அளவு, அதெல்லாம்?"

"அது உண்மை, ஐயா."

"நேற்று இரத்தம் சத்தியெடுக்கிறா எண்டதும் இதே முகத்தோடைதானே சொன்னனீர்." டொக்டர் போத்தலை வைத்தார். "ஆராய்ச்சி எண்டா, ஒருத்தன் தன்ர வீட்டிலை தனிய இருந்து கண்டதை நாங்கள் நம்பவேணும். வேறை வழியில்லை. நான் உம்மை என்னெண்டு நம்புறது?"

 அவன் வெளியே வந்தான்.

கால் தானாகப் புதுக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனது. சவுந்தரநாயகத்தை அடிக்கத்தான் போனான் என்று பிறகு தாஸிமிடம் சொன்னான். ஆனால் அந்த மனுஷன் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "இதுக்கே போய் இடிஞ்சுபோனீர்? மேலிடத்துக்கு இன்னொரு பெட்டிசம் போடுவம். கசம் இருந்தது மெய், மாதாவின்ர புதுமையாலை மாறிப்போச்சு எண்டு எழுதுறன். இருந்துகொள்ளும்" என்று கடுதாசியை எடுத்தபோது கை எழவில்லை. அவருக்கு அதில் துளி வஞ்சகமும் இல்லை. முப்பது வருஷம் அழுகையையே எழுதி, வேறு பாஷை மறந்துபோன மனுஷன்.

நேசம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சளி கொடுத்து, நெஞ்சுப் படமும் எடுத்து, நோயில்லை என்று சீட்டு வாங்கிவந்தாள். உயிர்த்த ஞாயிறு கழிந்து அடுத்த வாரத்துத் திங்கள் விடிய அப்பச்சட்டியை வைத்தாள். மொறுமொறுவென்று நல்லாய்த்தான் வந்தது. விடிந்தது. ஒருவரும் வரவில்லை. ஸைனம்பு மட்டும் தன் வாசல்படியில் நின்று கதைத்தாள்.

"எனக்கு நம்பிக்க ஈக்கிது நேசம். அல்லாஹ்வுக்காகச் செல்றேன். ஆனா வூட்டுல புள்ளகள் ஈக்கிதே. மத்தவங்க செல்லியிருந்தாப் பரவாயில்ல. கட்டினவரே எழுதிக் குடுத்ததாமே."

ஸ்ரனிஸ்லாஸ் முடுக்கில் வீடு வீடாகப் போய், நான் பொய் சொன்னேன், நான் பொய்யன் என்று சொன்னான். வெட்கத்தை விட்டுச் சொன்னான். பெண்சாதியைக் காப்பாற்ற இப்போது பொய் சொல்கிறான், பாவம், என்று சனம் அதற்கும் இரங்கியது.

ஒரு கிழமை அப்பம் மிஞ்சியது. இரண்டாம் கிழமை மாக் கரைக்கவில்லை. நேசம் வெள்ளவத்தையில் புறக்டர் வேலை பார்க்கிற ஒரு வக்கீல் வீட்டுக்குச் சமையலுக்குப் போனாள். அங்கேயே படுக்கை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பூசை கண்டுவிட்டு வீட்டுக்கு வருவாள். சண்டை பிடிக்கமாட்டாள். உடுப்புத் தோய்த்துப் போடுவாள், கறி ஒன்று வைத்துக் கொடுப்பாள். டோரினிடமிருந்து சேதி வந்ததா என்று கேட்பாள்.

ஒரு ஞாயிறு கொட்டிலுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அடுப்பில் சாம்பல் பழையதாய்க் கிடந்தது.

"ஏன், காய்ச்சேல்லையோ?"

"இல்லை."

"முழு நாளும் இனி உங்கடைதானே. ஒருத்தரும் கேக்கமாட்டினம்."

"காய்ச்சி ஆருக்குக் குடுக்கிறது?"

"அது எனக்குத் தெரியாது." அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "ஆறு மணிக்கு அங்கை பிள்ளையளுக்குப் பால் காய்ச்சவேணும். நான் வெளிக்கிடப்போறன்."

"இண்டைக்கு நிண்டிட்டு விடியப் போமன்."

"அவையளுக்கு வாறனெண்டு சொல்லிப்போட்டன். சொன்னாச் சொன்னதுதானே."

அவள் முடுக்கைக் கடக்கும்போது ஸைனம்பு கதவைத் திறந்து ஏதோ கேட்டாள். நேசம் நிற்காமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள். ஸ்ரனிஸ்லாஸ் வாசலில் நின்று பார்த்தான். அவள் வைத்த கறி ஆறிக்கொண்டிருந்தது. அவனுக்குப் பசிக்கவில்லை.