பாதி வழியில் நின்ற கை

சுதந்திரம் வந்த வருஷம்தான் கோயில் அரிவாள் என் கைக்கு வந்தது. சாயல்குடிக்குத் தெற்கே எங்கள் ஊரில் குலசாமிக்கு எடுக்கும் மாசிக் களரியன்று முப்பது கிடாவாவது விழும். நேர்ந்துகொண்டவரே குனிந்து கயிற்றை இழுத்துப் பிடிக்க வேண்டும். தலை ஒரே வெட்டில் விழ வேண்டும். இரண்டாவது வெட்டு விழுந்தால் சாமி ஏற்கவில்லை என்று அர்த்தம். பதினோரு வருஷம் எனக்கு இரண்டாவது வெட்டு தேவைப்பட்டதே இல்லை. அந்தத் திமிர் என்னிடம் நிறையவே இருந்தது.

பன்னிரண்டாவது வருஷம் முதல் கிடாவிலேயே அரிவாள் பாதிக் கழுத்தில் நின்றுவிட்டது. கிடா கயிற்றை உருவிக்கொண்டு தொங்கிய தலையோடு கூட்டத்துக்குள் ஓடியது. பெண்களின் சேலையெல்லாம் ரத்தம். துரத்திப் பிடித்து, இன்னும் இரண்டு வெட்டு வெட்டித்தான் முடித்தேன். கிடாவுக்குச் சொந்தக்காரி என் முகத்தில் மண்ணை வாரி அடித்தாள். அடுத்த கிடாவும் அப்படியே.

"ஏலே, அடுத்த களரியும் இப்பிடின்னா அருவா வேற கைக்குப் போயிரும்" என்றார் பூசாரி.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, முதலில் அரிவாளைத் தீட்டித் தந்த கொல்லனைத்தான் அடிக்கப் போனேன். பிறகு ஊரே எனக்கு வாத்தியாரானது. காலை அகட்டி நில் என்றான் ஒருவன். பிடியை இறக்கு, மூச்சை அடக்கு என்றான் இன்னொருவன். கோழிகூட அறுத்தறியாத டீக்கடைக்காரர் தோளைத் தளர விடச் சொன்னார். பரமக்குடியிலிருந்து வண்டியில் வாழைமரங்களைக் கொண்டுவந்து நட்டு வெட்டிப் பார்த்தேன். அத்தனையும் ஒரே வீச்சில் சாய்ந்தன. ஆட்டுக் கழுத்து என்றால் மட்டும் கை பாதி வழியில் தானாக நின்றது.

காரணம் எனக்குத் தெரியும். கை நின்றுபோன அந்தக் களரிக்கு ஒரு மாதம் முன்பு, வரப்புத் தகராறில் என் தம்பியின் கழுத்துக்கு அரிவாளை வீசினேன். ஓங்கி மிரட்டவில்லை, வீசினேன். நாலு விரற்கடை இருக்கும்போதுதான் கையை நிறுத்தினேன். அவன் கண்ணைக்கூட மூடவில்லை. அன்றோடு எங்களுக்குள் பேச்சும் நின்றது.

அடுத்த மாசியில் முதல் கிடா தம்பியுடையது. அம்மையிலிருந்து பிழைத்த மகளுக்காக நேர்ந்தது. தண்ணீர் தெளித்ததும் கிடா உடம்பைச் சிலிர்த்தது. சாமி உத்தரவு கிடைத்துவிட்டது. தம்பி கயிற்றைப் பிடித்துக் குனிந்தான். ஆட்டின் கழுத்துக்கு நேரே அவன் பிடரி. என் கை மேலே எழவே இல்லை. கூட்டம் கத்தியது. வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது.

தம்பி நிமிர்ந்து பார்த்தான். "இங்கன குடுண்ணே" என்று அரிவாளை வாங்கிக்கொண்டு, கயிற்றை என் கையில் திணித்தான்.

நான் குனிந்து இழுத்தேன். ஒரே வெட்டு. தலை என் காலடியில் விழுந்தது, குலவை கிளம்பியது. நான் நிமிரவில்லை. அடுத்த வெட்டு என் பிடரியில்தான் என்று உண்மையாகவே நம்பினேன். விழட்டும் என்றும் இருந்தது.

"நிமிருண்ணே" என்றான் தம்பி. "அடுத்த கிடா வருது."