தண்ணி மில்லின் இரண்டு திறப்புகள்

மகேந்திரராசா வீட்டைப் பூட்டினால் மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார். லிப்ட் வாசல் வரைக்கும் போய், திரும்பி வந்து இன்னொரு தரம் இழுப்பார். "கள்ளன் வந்தாலும் உங்களைப் பாத்து அலுத்துப் போயிடுவான்" என்பாள் மனைவி வசந்தமலர். எண்பத்தேழில் நோர்வேக்கு அகதியாக வந்து, முதியோர் இல்லக் குசினியில் வேலை செய்து, எல்லிங்ஸ்ருட்டில் வீடும் வாங்கிவிட்டார். சந்தேகம் மட்டும் அவரைவிட்டுப் போகவில்லை.

அப்படிப்பட்ட மனுசனிடம் ஒரு மில்லின் திறப்பை, சாவியைக் கொடுத்தார்கள் என்றால் பாருங்களேன்!

ஓடைக்கரையில் இருந்த தண்ணி மில் அது. பழைய காலத்தில் சுற்றுவட்டக் கமக்காரர் பார்லியும் ஓட்ஸும் கொண்டுவந்து அரைத்த இடம். கூலிக்கு மா அள்ளும் கோப்பை பெரிது என்று மில்காரன்மேல் ஊருக்கே சந்தேகம் இருந்ததாம். யுத்தத்தில் ஜேர்மன்காரர் கல்லுக்கு முத்திரை வைத்தார்கள். மில்காரன் அதைக் களவாக உடைத்து அரைத்தான். பிறகு மின்சாரம் வந்தது, மில் பூட்டப்பட்டது, கல்லைச் சுற்றிக் காஞ்சோண்டி முளைத்தது. தொண்ணூறுகளில் ஊர்ச்சங்கம் தண்ணியில் சுழலும் சில்லைத் திருத்தி மறுபடி ஓடவிட்டது. களவும் சந்தேகமும் நிறைந்த இந்தக் கதை மகேந்திரராசாவுக்கு நன்றாகப் பிடித்துப்போயிற்று. சங்கத்தின் கூலியில்லாச் சிரமதான வேலைக்குப் போகத் தொடங்கினார். நாலு வருசத்தில் திறப்பு கைக்கு வந்தது. மற்றத் திறப்பு ஒட்வாரிடம். ஓய்வுபெற்ற தச்சர், ஸ்டோவ்னரில் தனியாக இருப்பவர், ஒரு நாளைக்கு நாலு வசனம் கதைத்தால் அதிகம்.

2006 செப்டெம்பர். ஞாயிற்றுக்கிழமை சனத்துக்கு மில் ஓட்டிக் காட்ட வேண்டும். அதற்கு முன் ஓட்டிப் பார்க்க மடையைத் திறந்தார்கள். சில்லு அசைந்தது, கல் சுற்றவில்லை. மேற்கல்லைத் தூக்கிப் பார்த்தால் இடுக்கெல்லாம் வெள்ளையாக ஏதோ இறுகிக் கிடந்தது. ஒட்வாரின் முகம் சிவந்தது. உளியை எடுத்துச் சுரண்டத் தொடங்கினார்.

"இஞ்சை ஆர் வந்தது?" என்று நோர்வேஜிய மொழியில் கேட்டார் மகேந்திரராசா.

ஒட்வார் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

மகேந்திரராசா கதவைப் போய்ப் பார்த்தார். பூட்டு உடையவில்லை. இருப்பது இரண்டு திறப்பு. கல் கெட்டுப்போனால் பழி யார்மேல் விழும்? வெளிநாட்டிலிருந்து வந்த கறுத்த தலையன்மேல்தானே! அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அன்றிரவுக்குள் எல்லாம் அவருக்கு விளங்கிவிட்டது: ஒட்வார் சீமெந்தைக் கொட்டியிருக்கிறான், என்னைத் துரத்தத்தான்.

"சீமெந்துதான், எனக்குத் தெரியும்" என்றார் வசந்தமலரிடம். அவள் அடுப்பைப் பார்த்தபடி, "சனிக்கிழமை உங்கட அறுபதாம் பிறந்தநாள். அது முடியட்டும், பிறகு பாப்பம்" என்றாள்.

முடியட்டும் என்றால் கேட்கிற ஆளா? வெள்ளிக்கிழமை சங்கக் கூட்டம். அதன் கடைசியில் 'ரீஸ் ஓ ரூஸ்' என்று ஒரு நேரம் ஒதுக்குவார்கள். ரூஸ் என்றால் பாராட்டு. ரீஸ் என்றால் குறை சொல்லி ஏசுவது. அரிசிக்கும் அங்கே அதே சொல்தான். முதன்முதல் போன கூட்டத்தில், முடிவில் சோறு போடுவார்கள் என்று பசியோடு காத்திருந்து வெறும் வயிற்றோடு வீடு திரும்பியவர் மகேந்திரராசா. இந்தமுறை ரீஸ் கொடுப்பதற்கென்றே எழுந்தார்.

"மில் கல் இறுகிக் கிடக்கிறது. இரண்டு பேரிடம்தான் திறப்பு இருக்கிறது. நான் ஓட்டவில்லை. மற்றவரைக் கேளுங்கள்."

எல்லாரும் ஒட்வாரைப் பார்த்தார்கள். அவர் திறப்பை மேசையில் வைத்தார்.

"ஓட்டியது நான்தான். எதை அரைத்தேன் என்று சொல்ல மாட்டேன்" என்றார். குளிர்ச்சட்டையை எடுத்துக்கொண்டு வெளியேறினார். தலைவர் அந்தத் திறப்பையும் மகேந்திரராசாவிடமே கொடுத்தார். அன்றைக்கு அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அடுத்தநாள் வசந்தமலர் ஒரு தட்டு நிறைய அரியதரப் பணியாரம் கொண்டுவந்து வைத்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"சாப்பிட்டுப் பாருங்கோ. உங்கட மில்லிலை அரைச்ச மா."

வாய்க்குப் போன கை அப்படியே நின்றது.

"கடை மாவிலை அரியதரம் சரிவராதப்பா. பச்சையரிசியை ஊறப்போட்டு வடிச்சுக் கொண்டுபோனன். அந்த மனுசன்தான் அரைச்சுத் தந்தது. 'ரீஸ்' எண்டுதான் சொன்னனான், ஈரமெண்டு சொல்லத் தெரியேல்லை. கல்லு இறுகிப்போச்சு. பிறந்தநாள் வரைக்கும் உங்களுக்குச் சொல்லவேண்டாமெண்டு நான்தான் கேட்டனான். அதுதான் சீமெந்தெண்டு நீங்கள் நிண்டபோதும் நான் வாயைத் திறக்கேல்லை."

பிறந்ததிலிருந்து அரிசிமாவில் வளர்ந்த மனுசன், அதைச் சீமெந்து என்றிருக்கிறார்! மகேந்திரராசாவுக்கு வெட்கத்தில் காது சுட்டது. கூட்டத்தில் நடந்ததைச் சொன்னார். வசந்தமலரின் சிரிப்பு போய்விட்டது.

"போங்கோ" என்றாள். "இப்பவே கொண்டுபோங்கோ."

அன்று அவர் வீட்டைப் பூட்டவும் இல்லை, இழுத்துப் பார்க்கவும் இல்லை. ஸ்டோவ்னரில் ஒட்வார் கதவைத் திறந்தபோது, ஒரு கையில் தட்டையும் மறுகையில் திறப்பையும் நீட்டினார். மன்னிப்புக் கேட்டார். சொற்கள் தடுமாறின.

ஒட்வார் ஒரு அரியதரத்தை எடுத்து நின்றபடியே மென்றார். நல்லாயிருக்கு என்று தலையாட்டினார்.

"நான் உனக்கு ரீஸ் அரைத்தேன்" என்றார். "நீ எனக்கு ரீஸ் தந்தாய்."

தட்டை வாங்கிக்கொண்டார். திறப்பை வாங்காமலே கதவைச் சாத்தினார்.