நாணேற்றிய வில்

இன்று லண்டன் குட்மேய்ஸில் ஒரு கடையில் தேன்மெழுகு மணத்ததும், எண்பதுகளில் ஃபாரஸ்ட் கேட் பகுதியில் நாங்கள் இருந்த, பிறகு இடிக்கப்பட்ட வீடும், மெழுகு பூசிய நாணேற்றி நவராத்திரிக்குச் சாமி அலமாரியில் அப்பா வைத்த இரண்டு வேட்டை விற்களும் நினைவுக்கு வந்தன. ஒன்று மலிவான ஃபைபர்கிளாஸ் வில். மற்றது, அப்பா பல குளிர்காலங்கள் ஓவர்டைம் செய்து வாங்கிய யூ என்ற மரத்தில் செய்த வில். மர வில்லை நாள்கணக்கில் நாணோடு விட்டால் வளைந்தபடியே நின்றுவிடும் என்று கடைக்காரர் சொன்னதை அப்பாவுக்குத் தமிழில் சொன்னவன் நான்தான்.

"நாணைக் கழட்டட்டோ அப்பா?"

"கழட்டினால் அது வெறும் தடியெல்லோ! பூசையில வைச்சதைத் தொடாதை, தம்பி."

சாம்பிராணிப் புகைக்குள் நாட்களை எண்ணிக்கொண்டு நின்றேன். விஜயதசமியன்று அப்பா நாண்களைக் கழற்றினார். மலிவு வில் நிமிர்ந்தது. மர வில் நிமிரவில்லை. அப்பா அதற்கு மறுபடி நாணேற்றி, இருந்த இடத்திலேயே வைத்தார்.