நீலச் சிட்டும் முப்பத்தொரு நாளும்

எங்கள் ஸ்ட்ரெதம் வீட்டின் முன்னறைக் கூண்டில் ஒரு சோடி நீலச் சிட்டுகள் இருந்தன. ஆப்பிரிக்கப் புல்வெளிக் குருவிகள், பெருவிரலைப்போல் இரண்டு மடங்கு நீளம். ஆணின் கன்னத்தில் குங்குமம் அப்பியதுபோல் ஒரு சிவப்புப் பொட்டு. காட்டில் இவை குளவிக் கூட்டுக்குப் பக்கத்தில் கூடு கட்டுமாம், காவலுக்கு. எங்கள் வீட்டில் குளவியின் வேலையை நான் பார்ப்பதாக என் கணவர் சொல்லிச் சிரிப்பார்.

யாழ்ப்பாணத்திலிருந்து அப்பா தினமும் பின்னேரம் போன் எடுப்பார். முதல் கேள்வி நான் சாப்பிட்டேனா என்பது. இரண்டாவது, குருவிகள் சாப்பிட்டனவா என்பது.

அவர் இறந்தபோது என் பாஸ்போர்ட் குடியுரிமை விண்ணப்பத்தோடு போயிருந்தது. ஊருக்குப் போக முடியாமல் செத்தவீட்டைப் போனில்தான் பார்த்தேன். மகளாக நான் செய்ய மிஞ்சியிருந்தது ஒன்றுதான். முப்பத்தோராம் நாள் கிரியை வரை வீட்டில் மச்சமாமிசம் இல்லை, முட்டை இல்லை, ஓர் உயிரும் சாகக் கூடாது.

ஆறாம் நாள் கூண்டில் மூன்று குஞ்சுகள் பொரித்தன. கணவர் ஒரு பெட்டி உயிர்ப்புழுவோடு வாசலில் வந்து நின்றார். பெரிய குருவிகளுக்குத் தினை போதும், குஞ்சு வளரப் பூச்சி வேண்டும், காட்டில் தாய் கறையான் பிடித்து ஊட்டும் என்று விளக்கினார். நான் கேட்கிற நிலையில் இல்லை. அவித்த முட்டையாவது வைப்போம் என்றார். அதற்கும் மாட்டேன் என்றேன்.

"இஞ்சேரும், புழு இல்லாட்டி அதுகள் தப்பாது."

"இவ்வளவு நாளும் தினைதானே திண்டதுகள். அப்பாவின்ரை முப்பத்தொண்டு முடியட்டும்."

அவர் பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோனார். துக்கக்காரியோடு யார் வாதாடுவது? முளைகட்டிய தினையை வைத்துப் பார்த்தார். கூட்டுக்குள் கேட்ட கீச்சுச் சத்தம் குஞ்சு பொரித்த மூன்றாம் நாள் மெலிந்தது. நான்காம் நாள் காலை மூன்றும் கூண்டின் அடித்தட்டில் கிடந்தன. தாயும் தகப்பனுமே வெளியே தூக்கிப் போட்டிருந்தன. கணவர் அவற்றைக் கறிவேப்பிலைச் சாடிக்குள் புதைத்தார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

முப்பத்தோராம் நாள் விம்பிள்டனிலிருந்து ஐயர் வந்தார். அப்பாவுக்குப் படைத்த இலையில் பதினொரு கறி. ஒரு குறையும் வைக்காத மகள் என்று வந்தவர்கள் மெச்சினார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

எல்லோரும் போனபின், அப்பா எடுக்கும் நேரத்துக்குக் கை தானாகப் போனைத் தேடியது. நல்லவேளை, அது அடிக்கவில்லை. அடித்திருந்தால் அப்பா அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டிருப்பார், குருவிகள் சாப்பிட்டனவா என்று.