அறுபது என்றால் என்ன

எங்கள் தெருத் தையற்காரர், ஒருவர் அளவை இன்னொருவர் அளவோடு ஒப்பிட்டுச் சட்டை வெட்டமாட்டார், தொழிலில் கெட்டிக்காரர். பிள்ளை விஷயத்தில்தான் அந்தப் புத்தி இல்லை. புதுத் திறனறித் தேர்வு முடிவில் மகளுக்கு அறுபது என்று பார்த்ததும் பள்ளியிலேயே கத்தித் தீர்த்தார். பயத்தில் வாந்தியெடுத்த பிள்ளையை மருத்துவ அறையில் பள்ளி ஆயாவான நான் துடைத்துக்கொண்டிருந்தபோது டீச்சர் விளக்கினார்.

"அண்ணே, இது மார்க் இல்ல. நூறு பேருல அறுபது பேர விட மேல நிக்கிறா உங்க பொண்ணு."

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப இதே பரீட்சை எழுதுன என் தம்பி மக இவளுக்குக் கீழயா?"

மகளை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எத்தனையோ வருஷம் வாந்தி அள்ளியும் குமட்டாத எனக்கு அப்போது குமட்டியது.

"பொண்ணு இங்கயே படுத்திருக்கட்டும். நீ போய் உன் பொண்டாட்டிய அனுப்புய்யா," என்றேன்.