ஆடாத டிஷ்

பாரிசில் லா சப்பலிலிருந்து புறநகர் லெ பிளாங்-மெனில் வரை தமிழ் வீடுகளுக்கு சற்றலைட் டிஷ் பூட்டுகிறவர் மகாலிங்கம். தான் பூட்டின டிஷ் புயலுக்கும் ஆடாது என்று அவர் சொல்லிக் கேளாத காது லா சப்பலில் இல்லை. 2012 கோடை விடுமுறைக்கு, படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள கம்பிங்கார் ஒன்றை எடுத்துக்கொண்டு மனைவி கோசலையோடு கடற்கரைக்குப் போனார். அவளுக்குப் பின்னேர நாடகம் தப்பக்கூடாது என்று வண்டிக் கூரையில் டிஷ்ஷும் பூட்டினார்.

டிஷ் ஆடவில்லை, வண்டிதான் ஆடியது. கோசலை தேத்தண்ணி போட எழும்பினாலே படம் துண்டு துண்டாய் உடைந்தது. மூன்று தரம் கூரையில் ஏறி இறங்கிய மகாலிங்கத்துக்குக் கோபம் வந்துவிட்டது.

"இஞ்சாரும், நாடகம் முடியுமட்டும் அசையாதையும். தேத்தண்ணியை நான் வெளியிலை வைச்சுப் போடுறன்."

கலியாணம் கட்டி முப்பது வருசத்தில் கோசலை இருந்த இடத்துக்குத் தேத்தண்ணி வந்தது அன்றைக்குத்தான். பிறகு விடுமுறை முடியுமட்டும் இரண்டு கிழமையும் வந்தது.

வீடு திரும்பிய அன்று பின்னேரம் நாடகம் தொடங்க, மகாலிங்கம் கதிரையில் சாய்ந்து தேத்தண்ணி கேட்டார்.

"நான் எழும்பினால் படம் போயிடுமப்பா," என்றாள் கோசலை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வெளிச்சுவரில் நாலு போல்ட் இறுக்கித் தான் பூட்டின டிஷ்ஷை மகாலிங்கம் ஜன்னலால் ஒருக்கால் பார்த்தார். பிறகு எழும்பி, படம் ஆடாதபடி மெல்ல நடந்து குசினிக்குப் போனார்.