அம்மன் மழையை நிறுத்தவில்லை

அந்தக் காகிதத்தில் எங்களை வசதியுள்ள குடும்பம் என்று எழுதியிருந்தது. என் மகள் வினோதினி அதைப் படித்துக் காட்டிவிட்டு மடித்து என் கையில் கொடுத்தாள். "நான் கெம்பஸ் போகலம்மா. கேகாலையில புடவைக் கடையில ஆள் கேக்குறாங்க, அங்க போறேன்" என்றாள். திட்டவில்லை, அழவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடியார்களே, இது போன வருடம் வெசாக் பௌர்ணமி முடிந்த வாரத்தில் நடந்தது. நம் கோயில் ஆடித் திருவிழா மலரில் யாராவது அனுபவம் எழுத வேண்டும் என்று நிர்வாகத்தார் கேட்டபோது, என் வீட்டுக்காரர்தான் என்னைக் கிள்ளிவிட்டார். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததில் பிழை இல்லை. பிழை எல்லாம் என்னுடையது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

என் பெயர் மகேஸ்வரி. புளத்கொகுபிட்டியப் பக்கம் நம் தோட்டத்தில் இருபத்திரண்டு வருடமாக ரப்பர் பால் வெட்டுகிறேன். வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு மொத்தக் கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். மூட்டையோடு விழுந்து முதுகில் பலத்த அடி. நாலு வருடமாக வீட்டில்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார், சமைப்பார். அவர் வைக்கிற பருப்பில் உப்பு சரியாக இருந்தால் அன்றைக்கு எங்களுக்கு விசேஷம். எங்களுக்கு வினோதினி ஒரே பிள்ளை.

அவளுக்குக் கிழக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து அதற்கு முன் யாரும் போனதில்லை. படிப்புக்குக் கட்டணம் இல்லைதான். ஆனால் அங்கே போய்ச் சாப்பிட வேண்டும், தங்க வேண்டும், புத்தகம் வாங்க வேண்டும். என் சம்பளத்தில் மூன்று பேர் ஒரு வீட்டில் இருந்து சாப்பிடுவதே பெரும்பாடு. வசதி இல்லாத பிள்ளைகளுக்கு மாதாமாதம் பர்சரி என்று ஓர் உதவித்தொகை உண்டு, அது கிடைத்தால் சமாளிக்கலாம் என்று பாடசாலையில் சொன்னார்கள். அதற்கு கிராம சேவகர் வீட்டுக்கு வந்து பார்த்து, குடும்ப நிலைமையை எழுதிக் கொடுக்க வேண்டும்.

எங்கள் பகுதிக்கு அப்போதுதான் ஒரு இளம் சிங்களப் பெண் கிராம சேவகராக வந்திருந்தார். வியாழக்கிழமை வருகிறேன் என்று சொல்லியனுப்பினார். அவ்வளவுதான், எனக்குக் கை கால் ஓடவில்லை. உத்தியோகத்தில் இருக்கிற ஒருவர் எங்கள் காம்பரா அறைக்குள் வந்து உட்காரப் போகிறார். உட்கார வைக்க எங்களிடம் இருந்தது ஒரு கால் ஆடுகிற ஸ்டூல்.

பக்கத்து வீட்டுப் பரிமளம் அக்காவின் மகன் கட்டாரில் இருக்கிறான். அவர் வீட்டிலிருந்து நாலு குஷன் நாற்காலி, டீப்போ, திரைச்சீலை, பூப்போட்ட கோப்பைகள் எல்லாம் கொண்டுவந்து அடுக்கினேன். அவருடைய டிவியையும் விடவில்லை. முன்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். கடையில் கேக் வாங்கினேன். பரிமளம் அக்காவின் சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

வினோதினி தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "அம்மா, அவங்க நம்ம கஷ்டத்தப் பாக்கத்தான் வர்றாங்க."

"வீட்டுக்கு வர்றவங்களுக்குக் கஷ்டத்த எதுக்குடி காட்டணும்? ஒரு வாய் டீயாவது மரியாதையாக் குடிச்சிட்டுப் போகட்டும்" என்றேன்.

கிராம சேவகர் மிஸ் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார், கேக் சாப்பிட்டார், சுற்றிப் பார்த்தார். வீட்டில் என்ன குறை, எப்படிச் செலவைச் சமாளிக்கிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். "அடுபாடுவக் நே மிஸ்" என்றேன். குறை ஒன்றும் இல்லை என்று நானே, என் வாயாலேயே சொன்னேன். அதோடு நிறுத்தினேனா? எப்பாடுபட்டாவது பிள்ளையைப் படிக்க வைத்துவிடுவோம் என்றும் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார். நான் கேக் தட்டை இன்னொரு தரம் நீட்டினேன்.

அவர் கண்டதையும் கேட்டதையும்தான் எழுதினார். அவர் மேல் ஒரு சொல் குற்றம் சொல்ல மாட்டேன்.

காகிதம் கைக்கு வந்தபோது விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வர மூன்று வாரம்தான் இருந்தது. போய் உண்மையைச் சொன்னால் சரியாகிவிடும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். எனக்கும் தெரியும். செவ்வாய்க்கிழமை காலையிலேயே கிராம சேவகர் அலுவலகத்துக்குப் போனேன். பெஞ்சில் கிராமத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர், நம் தோட்டத்து ஆட்கள் இரண்டு பேர். எல்லாருக்கும் முன்னால், நாற்காலி இரவல், சங்கிலி இரவல், நான் சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும். என் முறை வந்தது. மிஸ் சிரித்த முகத்தோடு என்ன வேண்டும் என்று கேட்டார். எனக்கு ஒரு வதிவிடச் சான்றிதழ் வேண்டும் என்றேன். எழுதிக் கொடுத்தார். யாருக்கும் தேவையில்லாத அந்தச் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நம் தோட்டத்தில் என் வாய்க்குப் பயப்படாதவர்கள் கிடையாது. அந்த வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகுதான் அம்மனிடம் போனேன். முதலில், பண உதவிக்கு என் அண்ணன் மனது வைக்க வேண்டும் என்று கேட்டேன். அண்ணன் போனையே எடுக்கவில்லை. பிறகு மழை பிடித்தது. மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, அன்றைய வேலைக்குப் பேர் விழாது, சம்பளம் இல்லை. ஆகவே மழையை நிறுத்து தாயே என்று கேட்டேன். அது நிற்கவில்லை. நாளுக்கு நாள் கூடியது. கோயிலில் நின்று சண்டையே பிடித்தேன். "உனக்குக் கண்ணு இருக்கா? எத்தன வருஷம் தீச்சட்டி எடுத்திருக்கேன்?" என்று கேட்டேன். பூசாரி ஐயா காதில் விழாததுபோல விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வெசாக் கழிந்து அடுத்த பௌர்ணமியான பொசன் போயாவுக்கு மறுநாள் வினோதினி புடவைக் கடையில் கொடுப்பதற்காகத் தன் சான்றிதழ்களைப் போட்டோக் கொப்பி எடுக்கக் கொடுத்துவிட்டாள். திங்கட்கிழமை வேலைக்குச் சேர வேண்டும். அன்று சாயங்காலம் கோயிலுக்குப் போனபோது எனக்குச் சண்டை போடவும் தெம்பில்லை. என்ன கேட்பது என்றும் தெரியவில்லை. "எம்புள்ள படிக்கப் போகணும். அதுக்கு என்னை என்ன செஞ்சாலும் சரி" என்று மட்டும் சொன்னேன். அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது பயமாக இருந்தது. இருந்தும் சொன்னேன்.

அடுத்த நாள் காலையிலிருந்து விடாத மழை. மத்தியானம் லயத்துக்குப் பின்னால் இருக்கிற மேட்டிலிருந்து சேற்றுத் தண்ணீர் வரத் தொடங்கியது. மண்சரிவு எச்சரிக்கை, எல்லாரும் உடனே பாடசாலைக்குப் போக வேண்டும் என்று கங்காணி கத்திக்கொண்டு ஓடினார். நான் வீட்டுக்காரரை எழுப்பி உட்கார வைத்துக்கொண்டிருந்தேன். அப்போது வாசலில் குடையோடு, முழங்கால் வரை சேற்றோடு வந்து நின்றார் கிராம சேவகர் மிஸ். வீடு வீடாக ஆட்களை வெளியேற்றிக்கொண்டு வருகிறார்.

உள்ளே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். தகரத்திலிருந்து நாலு இடத்தில் ஒழுகியது. சட்டி, வாளி, அண்டா எல்லாம் அடியில் வைத்திருந்தேன். பின்சுவர் ஈரத்தில் ஊறிப் பாதிவரை கறுத்துக் கிடந்தது. வினோதினி புத்தகங்களை உரப்பையில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். அவர் முன்பு பார்த்தது எதுவும் அந்த வீட்டில் இல்லை. நாற்காலிகள் எங்கே என்று கேட்டார்.

முன்னாலேயே பத்திரமான இடத்துக்கு அனுப்பிவிட்டோம் என்று சொல்லலாம். பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. எங்களுடையது இல்லை மிஸ், இரவல் என்றேன். டிவியும் இரவல், சங்கிலியும் இரவல், குறை இல்லை என்று சொன்னதும் பொய், நீங்கள் வருகிறீர்கள் என்று வெட்கப்பட்டுச் செய்தேன், என் பிள்ளையின் படிப்பைக் கெடுத்துவிட்டேன் என்று சிங்களத்தில் கொட்டித் தீர்த்தேன். கங்காணி வாசலில் நின்று கேட்டார். அடுத்த வீட்டார் கேட்டார்கள். கேட்டால் கேட்கட்டும் என்று ஆகிவிட்டது.

மிஸ் குடையை வினோதினியிடம் கொடுத்துவிட்டு, என் வீட்டுக்காரரின் மறுபக்கக் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். நானும் அவருமாகத்தான் மனுஷனைப் பாடசாலை வரைக்கும் நடத்திக் கொண்டுபோனோம்.

மறுநாள் பகல், சாப்பாட்டுப் பார்சல் கொடுக்க வந்தபோது, சின்னப் பிள்ளைகள் உட்காரும் வாங்குப் பலகையில் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஆறுதல் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். நல்ல ஏச்சுத்தான் கிடைத்தது.

"நீங்க சொன்னத நம்பி நான் கையெழுத்துப் போட்டேன். என்னையும் பொய் எழுத வச்சிட்டீங்களே. ஒங்க மகளுக்கு வர வேண்டியத நீங்களே தடுத்திட்டீங்க, தெரியுமா?"

"தெரியும் மிஸ். அந்தத் தண்டனைய அவளுக்குக் குடுக்காதீங்க."

கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, நடந்ததை ஒரு கடிதமாக எழுதித் தரச் சொன்னார். தான் இப்போது நேரில் பார்த்ததை வைத்துப் புதிதாக எழுதித் தருவதாகவும், பிரதேச செயலகத்தில் அதை ஏற்றுக்கொள்வார்களா என்று தனக்குத் தெரியாது என்றும் சொன்னார். வெள்ளிக்கிழமை கடைசி நாள். வினோதினி வாங்கில் குனிந்து எழுத, நான் ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். கேக் வாங்கியதைக்கூட விடவில்லை. அம்மாவின் பொய்யை மகள் தன் கையால் எழுதும்போது அவள் கண்ணீர் காகிதத்தில் விழுந்துவிட்டது. வேறு காகிதம் எடுத்து எழுதினாள்.

வியாழக்கிழமை வீதியில் மண் விழுந்து பஸ் இல்லை. நானும் அவளும் ரப்பர் மலைக்குள்ளேயே குறுக்கே நடந்து, அட்டைக்கடியோடு டவுனுக்குப் போய்ச் சேர்ந்தோம். பிரதேச செயலகத்தில் கடிதத்தை மூன்று பேர் மாறி மாறி வாசித்தார்கள். ஒருவர் சிரித்தார். எனக்கு வலிக்கவில்லை. பதிந்து, முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள்.

மழையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதே மழையில் கீழ் லயத்தில் இரண்டு வீட்டுச் சுவர் விழுந்தது. அதையும் அம்மன் எனக்காகத்தான் செய்தாள் என்று சொன்னால் என் வாய் அழுகிப்போகும். அப்படிச் சொல்லவில்லை. எது எதற்காக என்று அவளுக்குத்தான் தெரியும். நான் நிறுத்தச் சொன்ன மழையில்தான் மிஸ் இரண்டாவது தரம் என் வாசலுக்கு வந்தார், அலுவலகத்தில் திறக்காத என் வாயை அம்மன் அங்கே திறந்தாள். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

வினோதினி புடவைக் கடைக்குப் போகவில்லை. பதிவு நாளில் இரண்டு பாவாடை சட்டையோடு, பரிமளம் அக்கா கொடுத்த பழைய சூட்கேஸோடு கெம்பஸ் போனாள். பர்சரி வருமா வராதா என்று தெரியாமலேயே போனாள். முதல் இரண்டு மாதமும் பகலில் ஒரு பணிஸ் ரொட்டி மட்டும் சாப்பிட்டாள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. புரட்டாசி மாதத்தில் ஒருநாள் பால் வெட்டி முடித்து வாளியோடு வரும்போது போன் வந்தது. "அம்மா, என் பேரு லிஸ்ட்ல இருக்கு" என்றாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு ரப்பர் மரத்தடியிலேயே உட்கார்ந்து அழுதேன். தாயே, உன்னைக் கண்ணில்லாதவள் என்று சொன்னேனே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அவள் இப்போது இரண்டாம் வருடம். நானும் மாறித்தான் போனேன். வாய் குறையவில்லை, அதை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் இல்லாததை இல்லை என்று சொல்ல எனக்கு இப்போது கூசுவதில்லை. கோயிலிலும் அப்படித்தான். முன்பெல்லாம் இத்தனை வருஷம் தீச்சட்டி எடுத்தேன் என்று கணக்குக் காட்டி நிற்பேன். இப்போது வெறுங்கையோடு நின்று கேட்கிறேன்.

போன மாதம் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து எல்லாரும் போன பிறகு, நம் தோட்டத்துக் கீழ் டிவிசனில் இருக்கிற ஒரு தகப்பன் தயங்கித் தயங்கி வந்தார். "அக்கா, மகளுக்குத் தாதிப் படிப்புக்கு ஒதவிப் பணம் கேட்டுப் போட்டிருக்கோம். மிஸ் வந்தா என்னா சொல்லணுங்க?" என்று கேட்டார். "வீட்டுல நடக்கிறதச் சொல்லுங்க தம்பி" என்றேன். "அதத்தான் சொல்ல வர மாட்டேங்குது" என்றார். மிஸ் வந்த அன்று அவருக்குத் துணையாகப் போனேன். நான் உள்ளே போகவில்லை, இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து அம்மனை நினைத்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் உள்ளே சத்தமே இல்லை. பிறகு அந்த மனுஷன் உடைந்த குரலில் மெதுவாகச் சொல்லத் தொடங்கியது கேட்டது.

அந்தப் பிள்ளைக்கு முடிவு இன்னும் வரவில்லை. தினமும் விளக்கு வைக்கும்போது அவள் பெயரைச் சொல்லி அம்மனிடம் கேட்கிறேன். அவள் பெயர் சர்மிளா. அம்மன் மேல் நம்பிக்கை உள்ள நீங்களும், இதைப் படித்து முடித்த கையோடு அவளுக்காக ஒரு தரம் கேளுங்கள்.